உயர் குருதி அமுக்கமும் எமது சமையலறையும்

2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில் எமது நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழையினால் உப்பளங்களின் விளைச்சல் பாதிக்கப்பட்டு, நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவொன்று இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அந்நாட்களில் உப்பின் விலையைப் பற்றியே எல்லோரும் பேசினர். வீடொன்றுக்கு எவ்வளவு உப்புத்தான் தேவை என்ற கேள்வி மட்டும் எழவில்லை. உயர் குருதி அமுக்கம் உள்ளவரைப் பொறுத்தவரை உப்பின் விலையை விட முக்கியமான கேள்வி அதுவாகும்.

குருதி அமுக்கம் என்பது, இதயத்திலிருந்து வெளியேற்றப்படும் குருதி நாடிகளின் சுவரில் ஏற்படுத்தும் தாக்கத்தைக் குறிக்கின்றது. இதயம் சுருங்கும்போது பெறப்படும் அளவு மேலே எழுதப்படுகின்றது. இதயம் தளரும்போது பெறப்படும் அளவு கீழே எழுதப்படுகின்றது. மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 ஐ எட்டி, வெவ்வேறு நாட்களில் அளக்கும்போதும் அவ்வாறே காணப்படுமாயின் அதனை உயர் குருதி அமுக்கம் என உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுக்கின்றது. அமெரிக்க இதயநோய் மருத்துவ அமைப்புகள் 2017 ஆம் ஆண்டில் இந்த எல்லையை 130 இற்கு 80 எனக் குறைத்துக்கொண்டன. எல்லையை எங்கே வகுத்தாலும், அமுக்கம் உயர உயரப் பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்கான ஆபத்தும் உயர்ந்துகொண்டே செல்கின்றது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்திலேயே உள்ளது. தலையிடி, தலைச்சுற்று, கழுத்து உளைவு ஆகியன வந்தால்தான் ‘பிறசர்’ என்று பலர் எண்ணுகின்றனர். 170 இற்கு 100 என்ற அளவுடன் வயலுக்கும் அலுவலகத்துக்கும் சென்று வருபவர்களுள் பெரும்பாலானோர் எந்தவித அசௌகரியத்தையும் உணர்வதில்லை. உலகில் 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய 1,280 மில்லியன் பேருக்கு இந்நோய் உள்ளதாகவும், அவர்களுள் 46 சதவீதமானோர் அதனை அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் தெரிவித்தது. எமது நாட்டிலும் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்நிலையில் இருக்கின்றனர்.

“வயது போனால் பிறசர் ஏறுவது இயல்புதானே” என்ற கூற்றை நாம் அடிக்கடி கேட்கின்றோம். இது முழு உண்மையன்று. 1988 இல் வெளியான ‘இன்ரர்சோல்ற்’ என்னும் ஆய்வு, 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தது. அவற்றுள் பிறேசிலின் அமேசன் காட்டில் வாழும் யனோமாமி என்னும் பழங்குடியினரும் அடங்குவர். அவர்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களது மேல் அமுக்கத்தின் சராசரி 100 இற்கும் குறைவாகக் காணப்பட்டதுடன், வயது ஏறியும் அமுக்கம் ஏறவில்லை. அவர்கள் மதுபானம் அருந்துவதில்லை, உடற்பருமன் உடையவர்களும் அல்லர், நாள் முழுவதும் உழைப்பவர்கள் என்பதையும் இங்கு சேர்த்துக் கூறவேண்டும். ஆகவே எல்லாவற்றையும் உப்பின் மீதே சுமத்திவிட முடியாது. ஆயினும், வயதுடன் அமுக்கம் ஏறுவது தவிர்க்க முடியாத விதியல்ல என்பதற்கு அம்மக்களே சான்றாவர்.

உப்பு அமுக்கத்தை உயர்த்தும் விதம் சிக்கலானது. எனினும் அதன் அடிப்படை எளிது. உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம் ஆகும். சோடியம் உடலில் தங்குமிடத்தில் நீரும் தங்கும். மேலதிக சோடியத்தை உடனடியாக வெளியேற்றச் சிறுநீரகத்தால் இயலாதபோது குருதியின் கனவளவு கூடுகின்றது. காலப்போக்கில் நாடிகளின் சுவரும் இறுகுகின்றது. எமது வைத்தியசாலைகளில் வழங்கப்படும் மாத்திரைகளுள் ஒரு வகை, சிறுநீருடன் உப்பை வெளியேற்றுவதன் மூலமே அமுக்கத்தைக் குறைக்கின்றது. காலையில் அம்மாத்திரையை விழுங்கிவிட்டு மதியம் கருவாட்டுக் குழம்புடன் சோறு உண்பவர், ஒரு கையால் இறைத்த நீரை மறு கையால் கிணற்றுக்குள் ஊற்றுகின்றார்.

சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். நோய் என்றவுடன் சோற்றைக் குற்றவாளியாக்குவது எமது வழக்கமாகிவிட்டது. ஆனால், சிறந்த மாத்திரைகள் இல்லாத காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேர்மனிய வைத்தியரான வோல்ற்றர் கெம்ப்னர், கடும் உயர் குருதி அமுக்க நோயாளருக்கு 1940 களில் அளித்த சிகிச்சை சோறும் பழங்களுமே ஆகும். உப்பு அறவே சேர்க்கப்படாத அவ்வுணவினால் பலரின் அமுக்கம் வியக்கத்தக்க அளவில் குறைந்தது. அவ்வுணவைத் தொடர்ந்து உண்பது பெருந்தண்டனையாக இருந்தமையால் அம்முறை நிலைக்கவில்லை. இன்று அதனை எவரும் பின்பற்ற வேண்டியதுமில்லை. சோற்றுடன் நாம் சேர்த்துண்பவையே இந்நோயில் கூடுதலாகக் கவனிக்கத்தக்கவை என்பதை அது உணர்த்துகின்றது. அதிக சோறு உடற்பருமனைக் கூட்டும் என்பது வேறு விடயம். அதற்குப் பின்னர் வருவோம்.

கெம்ப்னரின் கடுந்தவத்துக்குப் பதிலாக, சாதாரண மனிதர் உண்ணக்கூடிய உணவுமுறையொன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 1997 இல் பரிசோதித்து வெளியிட்டனர். ‘டாஷ்’ என்று அழைக்கப்படும் இம்முறையில் மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால், தவிடு நீக்காத தானியம், பருப்பு வகை ஆகியன கூட்டப்பட்டு, கொழுப்பும் இனிப்பும் இறைச்சியும் குறைக்கப்பட்டன. ஆய்வில் பங்குபற்றிய 459 பேரின் உடல் எடையோ உண்ட உப்பின் அளவோ மாற்றப்படவில்லை. அவ்வாறிருந்தும், உயர் குருதி அமுக்கம் கொண்டவர்களின் மேல் அளவு சராசரியாக 11 இற்கு மேல் குறைந்தது. இது ஒரு மாத்திரையின் பலனுக்கு நிகரானது; அதுவும் இரண்டு வாரங்களிலேயே தென்படத் தொடங்கியது. 2001 இல் வெளியான அடுத்த ஆய்வில் உப்பும் குறைக்கப்பட்டபோது பலன் மேலும் கூடியது.

வீட்டுக் கணக்கு

உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசு, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பதாகும். இது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி அளவாகும். இலங்கையர் உண்பது இதனிலும் அதிகம். மேலைத்தேய நாடுகளில் மக்கள் உண்ணும் உப்பின் பெரும்பகுதி தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட உணவுகளுக்குள் மறைந்து வருகின்றது. அங்கே ஒரு குடும்பத் தலைவி நினைத்தாலும் அதனைக் குறைப்பது கடினம். எமது நாட்டிலோ உப்பின் பெரும்பகுதி இன்னமும் எமது சமையலறையில் எமது கையாலேயே இடப்படுகின்றது. இதனைக் குறையாகவன்றி வாய்ப்பாகவே கருதவேண்டும்.

கிளினிக்கில் நீண்ட வரிசையில் காத்திருந்து வைத்தியரைக் காண்பவருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் “உப்பைக் குறையுங்கள்” என்ற இரு சொற்களே. வரிசையின் நீளத்தைப் பார்த்தால் வைத்தியரைக் குறை கூறவும் இயலாது. எவ்வளவு உண்கின்றோம் என்பதை அறியாமல் எதனைக் குறைப்பது? இதற்கு எளிய வழியொன்று உண்டு. 400 கிராம் உப்புப் பக்கெற்றைத் திறக்கும் நாளை அதன் மீதே எழுதி வையுங்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்கு, நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராம் வீதம் 20 கிராம் போதுமானது. அப்படியாயின் ஒரு பக்கெற் 20 நாட்களுக்கு வரவேண்டும். 12 அல்லது 13 நாட்களில் அது தீர்ந்துவிடுமாயின், மீன் கழுவுவதற்கும் ஊறுகாய் போடுவதற்கும் எடுத்ததைக் கழித்த பின்னரும், அந்த வீட்டில் உப்பு அளவுக்கு மிஞ்சியே செல்கின்றது. பாணிலும் கருவாட்டிலும் கடைச் சிற்றுண்டிகளிலும் வரும் உப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை. எனவே 20 நாட்களைத் தாண்டினாலும் மிகவும் நல்லதே.

அவ்வாறு கணக்கெடுத்த பின்னர் எங்கே கைவைப்பது? கருவாடு, மாசி, நெத்தலி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியன உப்பினாலேயே பதப்படுத்தப்படுபவை. இவற்றை நாளாந்த உணவிலிருந்து நீக்கி, எப்போதாவது உண்பவையாக மாற்றுவதே முதற்படி. கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு ஓரளவே நீங்கும். உடனடி நூடில்ஸுடன் வரும் சுவைத்தூள் பொதியும் சூப் கட்டியும் சோயா சோஸும் அடுத்தவை. ஒரு பக்கெற் நூடில்ஸில் நாள் முழுவதற்குமான உப்பின் பாதியோ அதற்கு மேலோ இருப்பது சாதாரணம். பொதிகளின் மீதுள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடுகளைப் பார்ப்பவர் குறைவு. 2016 இல் இனிப்பூட்டிய பானங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இம்முறை, பின்னர் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. உப்புக்குச் சிவப்பு நிறம் இடப்பட்ட பொதியை மீண்டும் தட்டிலேயே வைத்துவிடுவதற்குப் பெரும் அறிவு தேவையில்லை.

கறியில் உப்பைக் குறைக்கும்போது உண்டாகும் வெறுமையை நிரப்ப எமது சமையலில் பொருட்களுக்குப் பஞ்சமில்லை. தேசிக்காய், பழப்புளி, கொறுக்காய், உள்ளி, இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை ஆகிய யாவும் உப்பின் குறையை மறைக்க வல்லவை. சம்பலுக்கு உப்பை இடித்துச் சேர்ப்பதற்கு முன்னர் தேசிப்புளியை விட்டுச் சுவைத்துப் பாருங்கள். சோறு, பிட்டு, இடியப்பம் ஆகியவற்றுக்கான மாவிலோ நீரிலோ உப்பிடுவதை நிறுத்தினால், கறியுடன் உண்பவருக்கு வேறுபாடு தெரிவது அரிது. ஒரேயடியாகக் குறைத்தால் முதல் நாளே வீட்டில் போர் மூளும். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன் பின்னர் முன்பு உண்ட கறியே கரிக்கத் தொடங்கும். நோயாளிக்கு மட்டும் தனிச்சமையல் செய்யும் வழக்கமும் நீடிப்பதில்லை. பிள்ளைகளுக்கும் அதே கறியே நல்லது.

வெயிலில் உழைப்பவருக்கு உப்பு அதிகம் தேவை என்று ஒரு வாதம் உண்டு. வெப்பத்துக்குப் பழகிய உடல் வியர்வையில் இழக்கும் உப்பைத் தானாகவே குறைத்துக்கொள்கின்றது. அவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர். இளஞ்சிவப்பு நிறத்தில் அதிக விலைக்கு விற்கப்படும் இமாலய உப்பும் ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைட்டே ஆகும். அதனால் அமுக்கம் குறையும் என்பது விற்பனையாளரின் கூற்று மட்டுமே.

சோடியத்தின் எதிரியாகச் செயற்படுவது பொற்றாசியம். சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற இது துணைபுரிகின்றது. வாழைப்பழம், கொய்யா, பப்பாசி, இளநீர், கீரை வகைகள், பயறு, கௌப்பி, கடலை ஆகியவற்றில் இது நிறைந்துள்ளது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. மரக்கறி விற்கும் விலையில் இது இலகுவன்று என்பதை மறுக்க முடியாது. எனினும் வேலியோரத்து முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் இன்னமும் பல வீடுகளில் விலையின்றியே கிடைக்கின்றன.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசியம் சேர்க்கப்பட்ட உப்பும் உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடையே மேற்கொள்ளப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், காற்பங்கு பொற்றாசியம் குளோரைட் கலந்த உப்பைப் பயன்படுத்தியோருக்குப் பாரிசவாதம் 14 சதவீதம் குறைவாக ஏற்பட்டமை கண்டறியப்பட்டது. ஆனால் எமது நாட்டில் இதனைக் கண்களை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய முடியாது. சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் பொற்றாசியம் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் சிறுநீரக நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை நாம் அறிவோம். லொசார்ட்டன், எனலப்பிரில், ஸ்பைரனோலக்ரோன் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வைத்தியரைக் கேளாமல் இவ்வுப்பை வாங்கக் கூடாது. சிறுநீரக நோயாளர் இளநீர், வாழைப்பழம் ஆகியவற்றிலும் வைத்தியரின் அறிவுறுத்தலைப் பின்பற்ற வேண்டும்.

எடையும் நடையும்

உடல் எடை ஒரு கிலோகிராம் குறைந்தால் குருதி அமுக்கம் ஏறக்குறைய ஓர் அலகு குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பெறப்பட்ட பொதுவான கணிப்பு. எனவே 80 கிலோ எடையுள்ளவர் 60 கிலோவாக மெலியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கைந்து கிலோ குறைந்தாலே பலன் கிட்டும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைக்கத் தூண்டுவதுடன் நரம்புத் தொகுதியையும் முடுக்கி விடுகின்றது. ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் இடுப்புச் சுற்றளவு தாண்டுவது ஆபத்தானதாகக் கருதப்படுகின்றது. ஆகையால் தையற்காரரின் அளவு நாடாவே இதற்குப் போதுமான கருவி. பருத்த உடலுடன் உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதனை நகைச்சுவையாகக் கொள்ளாது வைத்தியரிடம் கூறவேண்டும். மாத்திரைக்குக் கட்டுப்படாத அமுக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கோப்பையில் சோறு பாதியாகவும் கறிகள் ஓரமாகவும் இருப்பதற்குப் பதிலாக, மரக்கறியும் கீரையும் பாதியை நிரப்பட்டும். நாளுக்கு நான்கு முறை, இரண்டு கரண்டி சீனியுடன் தேநீர் அருந்துபவர், சீனியினால் மட்டும் ஏறத்தாழ 160 கலோரியைப் பெறுகின்றார். இதனை விட்டுவிட்டு வேறெதனையும் கூட்டாமல் இருந்தாலே மாதங்கள் செல்ல எடையில் வேறுபாடு தெரியும். மாலை வேளையில் ரோல்ஸும் வடையும் மிக்சரும் உண்பது உப்பையும் எண்ணெயையும் ஒருசேரத் தருகின்றது.

உடற்பயிற்சி என்றதும் உடற்பயிற்சிக்கூடத்தை நினைக்கத் தேவையில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடத்தல் போதுமானது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவிலான வேகம். நடக்கும்போது அமுக்கம் சற்று ஏறினாலும், நடந்து முடிந்த பின்னர் நாடிகள் விரிந்து பல மணித்தியாலங்களுக்கு அது தாழ்ந்திருக்கும். தொடர்ந்து செய்பவரிடம் மேல் அளவு 5 முதல் 8 வரை குறையக் கூடும். 1990 களில் எரிபொருள் தடை நிலவியபோது யாழ். குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியிலேயே இயங்கியது. 2022 இல் எரிபொருள் வரிசைகளின்போது அது மீண்டும் வீதிக்கு வந்தது. வரிசைகள் மறைந்ததும் சந்திக் கடைக்குச் செல்வதற்கும் மோட்டார் சைக்கிளை முடுக்குகின்றோம். அந்தத் துன்பத்தை மீண்டும் வேண்டுவார் எவருமில்லை, துவிச்சக்கரவண்டியையாவது வைத்திருந்திருக்கலாம்.

பெண்களின் நிலை வேறு. அதிகாலையில் சமையல், பின்னர் அலுவலகம், மாலையில் பிள்ளைகளின் பாடம் என்றிருக்கும் ஒருவரிடம் “நடவுங்கள்” என்பது இலகு. அவர் நடப்பதற்குப் பாதுகாப்பான வீதி, வெளிச்சம், தெருநாய்த் தொல்லையற்ற சூழல் ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்படுத்த வேண்டாமா? பாடசாலை மைதானங்களை மாலையில் திறந்து விடலாம். கோயில் வீதிகளை நடைக்குப் பயன்படுத்துவதில் தவறேதுமில்லை. மற்றவர்களும் சமையலில் பங்கெடுத்தால் அரை மணித்தியாலம் கிடைக்கும் என்பதை வீட்டிலுள்ள ஆண்கள் கவனிப்பார்களாக. அமுக்கம் 180 இற்கு மேல் உள்ளவரும், நடக்கும்போது நெஞ்சு இறுகுபவரும் வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும்பாரம் தூக்குவது அமுக்கத்தைச் சடுதியாக உயர்த்தும்.

சாராயமும் பியரும் அமுக்கத்தை உயர்த்துகின்றன. சிகரெட் நாடிகளைச் சேதப்படுத்துகின்றது. இவை பலரும் அறிந்தவையே. அறியப்படாதது, மூட்டுவலிக்குக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கப்படும் டைக்குளோபெனக், இபுபுரொபென் போன்ற வலிநிவாரணிகளும் அமுக்கத்தை ஏற்றிச் சிறுநீரகத்தையும் பாதிக்கக் கூடும் என்பதாகும். இருமலுக்கு நல்ல மருந்தென நாம் நம்பும் அதிமதுரத்தை நெடுநாட்கள் அதிக அளவில் உட்கொண்டாலும் அமுக்கம் உயரும்.

இவ்வளவும் செய்தால் மாத்திரை வேண்டாமா? இக்கேள்விக்குத் தவறான விடையளித்ததன் விளைவாகப் பாரிசவாதத்தில் விழுந்தவர்களை எமது ஊர்கள் அனைத்திலும் காணலாம். “அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்” என்பதே அவர்களுள் பலர் கூறுவது. மாத்திரை உட்கொண்டதனாலேயே அது சரியாக இருந்தது. நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ அமுக்கம் மீண்டும் ஏறும். அப்போதும் உடல் எதனையும் அறிவிக்காது. உணவும் நடையும் எடைக்குறைப்பும் சிலருக்கு மாத்திரையின் தேவையைத் தள்ளிப்போடும். பலருக்கு மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஏனையோருக்கு மாத்திரை நன்கு வேலை செய்ய உதவும். தாம் எந்த வகையினர் என்பதை நோயாளி தாமாகத் தீர்மானிக்க முடியாது.

அரசாங்க வைத்தியசாலைகளுடன் இணைந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் குருதி அமுக்கம், சீனி, உடற்திணிவுச் சுட்டி ஆகியன இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. நோயில்லை என்று எண்ணும் 35 வயதைத் தாண்டியோருக்காகவே இவை அமைக்கப்பட்டுள்ளன. வீட்டில் கருவி வைத்திருப்போர் தேநீர், சிகரெட் ஆகியவற்றின் பின்னர் அரை மணித்தியாலம் கழித்து, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் மேசை மீது வைத்து அளத்தல் வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, திகதியுடன் அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். அதே பக்கத்தில் உப்புப் பக்கெற் திறந்த நாளையும், மாதமொருமுறை உடல் எடையையும் குறித்துக்கொள்ளலாம். அடுத்த கிளினிக் நாளில் அக்கொப்பியை வைத்தியரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, கூட்டுவதா என்பதை அவர் அதனைப் பார்த்துத் தீர்மானிப்பார்.